ஆய்வாளருக்கான இருபது விடைகள்

மதிய உணவுக்கு விடும் அரைமணி நேரத்தில் பாதியை ஆங்கில வகுப்பு எடுத்துக்கொண்டது. தையல் பிரிவுப் பெண்கள் அட்டைப் பெட்டிகளின்மேல் அமர்ந்து, ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவும் மறு கையில் அச்சிட்ட தாளுமாக, டீச்சரைப் பின்பற்றி ஒப்பித்தார்கள். தாளில் இருபது விடைகள் இருந்தன. வெளிநாட்டு ஆய்வாளர் எதைக் கேட்டாலும் அவற்றுள் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். ‘நாங்கள் மிக மகிழ்ச்சியாக இருக்கிறோம்’ என்னும் முதல் விடையே மூன்று வாரமாகியும் எவர் வாயிலும் நிற்கவில்லை.

நான்காம் வாரம் டீச்சர் தாளைக் கவிழ்த்து வைத்தாள். "இது கிடக்கட்டும். உங்களுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்லணும்?"

"சூப்பர்வைசரைத் திட்டணும் டீச்சர். அந்தாளுக்குப் புரியக் கூடாது," என்றாள் காலர் தைப்பவள்.

"நாம சொல்றது எதுடி அவருக்குப் புரிஞ்சிருக்கு?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

சிரிப்பு அடங்கியதும், பொத்தான்களுக்குக் காஜா எடுப்பவள் பேசினாள். "அறுபது பேருக்கு ஒரே பாத்ரூம் டோக்கன். அடக்கி அடக்கி எனக்கு ரெண்டு தடவை கிட்னியில சீழ் வச்சிருச்சு. ஆய்வுக்கு வர்ற அந்தம்மாகிட்ட இதைச் சொல்லணும் டீச்சர்."

மறுநாளிலிருந்து அவள் டப்பாவைத் திறக்கவேயில்லை. வெட்டுத்துணியில் சாக்பீசால் சொற்களை எழுதி, மிஷின் ஓடும் இரைச்சலுக்குள் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களும் ஆளுக்கொரு வாக்கியம் கேட்டு டீச்சரை மொய்த்தார்கள்.

மேனேஜர் டீச்சரை அழைத்தார். "ஆர்வத்தைத் தூண்டுங்கன்னு சொன்னது நாங்கதாம்மா. அது நாங்க குடுத்த பதில்ல வரணும்."

"அதுல ஒண்ணுகூட அவங்க பதில் இல்லையே சார்."

"சம்பளம் எங்களோடதுதானே?"

ஆய்வாளர் வந்த அன்று காஜா எடுப்பவள் மிஷினை நிறுத்தி எழுந்தாள். டோக்கன், வலி, இரத்தம் என ஒரு சொல்லும் இடறாமல் முழுவதையும் ஆங்கிலத்தில் சொன்னாள். ஆய்வாளர் புன்னகையோடு கேட்டுவிட்டு, உச்சரிப்பு அருமை என்று மேனேஜரிடம் பாராட்டினார். டீச்சர் எட்டிப் பார்த்தாள். படிவத்தில் ‘மொழிப் பயிற்சி’ என்ற வரிக்கு எதிரே ஆய்வாளரின் பேனா அழுத்தமாக ஒரு சரிக்குறி இட்டது. ‘கழிப்பறை வசதி’க்கான சரிக்குறியில் மை எப்போதோ உலர்ந்திருந்தது.

திங்கட்கிழமை வாயிலுக்கு மேலே புதிய பேனர் தொங்கியது. ‘எங்கள் பெண்கள் பேசுகிறார்கள்’ என்ற எழுத்துகளுக்குக் கீழே, ஆய்வன்று எடுத்த படத்தில், காஜா எடுப்பவள் வாய் திறந்து நின்றாள். காவலாளி அவளது அடையாள அட்டையை வாங்கி மேசைக்குள் போட்டான்.

"உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவும்மா. பேனரை மறைக்காம கொஞ்சம் தள்ளி நில்லு."