மலையேறாத சாமி

என் மச்சினன் தங்கப்பாண்டியனைப் போல ஒரு மேதாவி பிறக்க, எங்கள் சுருளிப்பட்டி என்ன பாவம் செய்ததோ! ஊர் மேளத்தை அழியாமல் காப்பாற்றப் போகிறேன் என்று கிளம்பி, உறுமிக்காரர் வீரபாண்டி முன்னால் மைக்கை நீட்டினான். அவர் சாமியை அழைக்கிற அடியை வாசித்தார். பிறகு, வந்த சாமியை மலையேற்றி அனுப்புகிற அடியையும் வாசித்தார். முதலாவதைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். மற்றது மெதுவாக, நீளமாகப் போகும்.

"இழுவையா இருக்கு மாமா, இதை யாரு கேப்பா?" என்று பதிவில் பின்பாதியை அழித்துவிட்டான்.

தை மாதம் வீரபாண்டி இறந்துபோனார். சித்திரைத் திருவிழாவுக்கு வேறு உறுமிக்காரரைப் பார்க்கலாம் என்றேன்.

"அவுக அடியே நம்மகிட்ட இருக்குல்ல?" என்று கோயில் வாசலில் ஸ்பீக்கரைக் கட்டினான்.

காலையில் அதைப் போட்டதும் என் மனைவி பாண்டீஸ்வரிக்கு அருள் வந்தது. வருடாவருடம் வருவதுதான். அனுப்புகிற அடி முடிந்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். இந்த முறை ஸ்பீக்கர் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டே இருந்தது. ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். ஆட்டம் நின்றது. சாமி போகவில்லை.

மத்தியானம் எங்கள் மகள் கயல் "அம்மா" என்று மடியில் ஏறினாள்.

"இது யாரு வீட்டுப் புள்ள?" என்றாள் பாண்டீஸ்வரி. அது அவள் குரலே இல்லை.

கூடலூரிலிருந்து ஜீப்பில் உறுமிக்காரர்களை வரவழைத்தோம். அவர்கள் தங்கள் முறைப்படி வாசித்தார்கள். பாண்டீஸ்வரி சிரித்தாள்.

"கூப்பிட்டவன் எங்கடா? அவன்தான என்னைய அனுப்பணும்?"

அவர்களில் மூத்தவர் உறுமியைக் கீழே வைத்துவிட்டார். "ஊருக்கு ஊரு அடி வேறப்பா. உங்க அடிய வீரபாண்டியண்ணன் தன்னோட கொண்டு போயிட்டாக. எங்களால ஆகாது."

"ஏலே, அந்தப் பாதிய எடுடா!" என்று தங்கப்பாண்டியன் சட்டையைப் பிடித்தேன்.

"இல்ல மாமா, எங்கனயும் இல்ல" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். கூடப்பிறந்தவள் அல்லவா!

அவர்கள் போனபின் பித்தளைக் குடத்தைக் கவிழ்த்து அவள் எதிரே உட்கார்ந்தேன். எத்தனை திருவிழாவில் கேட்டிருப்பேன்! நினைவில் தேடித் தேடி, மெதுவாகத் தட்டினேன். அவள் கண் ஒருமுறை மூடித் திறந்தது.

"கயலு" என்றாள், தன் சொந்தக் குரலில்.

கடவுளே! அடுத்த தட்டு எனக்குத் தெரியவில்லை. நிறுத்தவும் பயம். காலையெல்லாம் ஸ்பீக்கரில் கேட்ட அழைப்பு அடிக்குள் கை தானாகப் போய் விழுந்தது. பாண்டீஸ்வரியின் தோள்கள் ஆடத் தொடங்கின.