காதில் பஞ்சு வைத்த ரேடியோ

அவள் மூன்று வருஷமாக ஒரு ரேடியோவுக்கு மரியாதை கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்தவருக்கு உரிமையான அலைவரிசையில் நுழையுமுன் அது காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். சொந்தக்காரர் இல்லையென்றால் தன் தரவை அனுப்பலாம். வந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு வேறு வரிசைக்குத் தாவ வேண்டும். தாவும்போது கொஞ்சம் தரவு சிந்தும். நூற்றுக்கு எண்பத்திரண்டு போய்ச் சேர்ந்தது.

அவளுக்கு வழிகாட்டுவதாகச் சம்பளம் வாங்கும் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'நூத்துக்கு நூறு'. ஆய்வுகளைப் பார்வையிட வந்த குழு அரங்கில் உட்கார்ந்துவிட்டது. அவர் அவளுடைய மேஜைக்கு வந்தார்.

"எண்பத்திரண்டா? மானத்த வாங்காதம்மா. இத வச்சு உன் ஆய்வேட்டுல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

எவ்வளவு பலமான அலை வந்தால் 'ஆள் இருக்கிறார்' என்று ரேடியோ நம்ப வேண்டும் என்பதற்குக் கணினியில் ஓர் எல்லை உண்டு. அதை உச்சத்துக்கு ஏற்றினார். இனி தலையில் இடி விழுந்தால்தான் ரேடியோ திரும்பிப் பார்க்கும்.

"சார், காதுல பஞ்ச வச்சுக்கிட்டு வீட்டுல யாருமில்லன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"நூறு வருதா, இல்லையா?"

வந்தது.

மேடையேறிக் கம்பியில்லா மைக்கைப் பிடித்தார். ரேடியோ நுழையும் அலைவரிசைக்கு உரிமைக்காரர் அந்த மைக்தான்.

"அடுத்தவர் உரிமையை நாங்கள்—" கர்ர்ர். "நம்பகத்தன்மை என்பது—" கர்ர்ர்.

திரையில் பச்சை எழுத்து: வரிசை காலி, நூறு சதவீதம். குழு கைதட்டியது.

அவர் இறங்கி வந்து மைக்செட்காரர்மேல் பாய்ந்தார். "ஓட்ட மைக்கக் கொண்டாந்து கழுத்தறுக்கறியா? நாளையிலேருந்து இந்தப் பக்கம் தலவச்சுப் படுக்காத!"

"காலையில நல்லாத்தான் இருந்துச்சு சார்..." மைக்செட்காரர் பாட்டரியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொடுத்தார். பாட்டரி என்ன பாவம் செய்தது?

அவள் கணினிப் பக்கம் திரும்பினாள். மூன்று வருஷமும் ஒரு கையெழுத்தும் கண்முன் வந்து நின்றன. நிற்கட்டும் என்று எல்லையைப் பழைய இடத்துக்கே இறக்கினாள்.

கரகரப்பு நின்றது. எண் மளமளவென்று எண்பத்திரண்டுக்கு இறங்கியது. பேராசிரியர் கையில் மைக்கோடு அவளிடம் ஓடி வந்தார்.

"யாரக் கேட்டு மாத்தின? மிச்சம் பதினெட்டு எங்க போச்சு?" அரங்கின் மூலைமுடுக்கெல்லாம் மணிமணியாகக் கேட்டது.

"நீங்க பேசறீங்கல்ல சார், அதுக்கு வழிவிட்டுப் போச்சு."

"எங்கிட்ட கையெழுத்து வாங்கிடுவியா நீ? பாக்கறேன்!"

அதுவும் கேட்டது. முன்வரிசையில் குழுத்தலைவி முதன்முறையாகக் கைபேசியிலிருந்து நிமிர்ந்தார்.

"இப்பதான் சார் தெளிவாக் கேக்குது. சொல்லுங்க, எந்தக் கையெழுத்து?"