நாற்பத்தேழாம் எண் புளியமரம்

சிறுவயதில் ஆடிய ஒரு பழைய வீடியோ கேமை அனிஷா மூன்று வருடம் உழைத்துப் புதிதாகச் செய்து, இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தாள். ஒரு வாரத்தில் எடுக்காவிட்டால் வழக்கு என்று கேமின் உரிமையாளரான நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியது. அதே வாரம் அவர்களே புதுப் பதிப்பு ஒன்றை வெளியிட்டார்கள். அதை ஆடிப் பார்த்த தோழி மெஹக், கடத்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்தே போனில் கத்தினாள்.

"அடியே, ரெண்டாவது ரவுண்டுல உன் புளியமரம் நிக்குதுடி! நம்ம ரோட்டு மரத்துக்கு அடிக்கிற கறுப்பு வெள்ளைப் பெயிண்டு, நம்பர் 47, எல்லாம் அப்படியே!"

பழைய கேமில் அந்த இடத்தில் வெறும் பச்சைத் திட்டுதான் இருந்தது. மரம் அனிஷா தன் பதிப்பில் நட்டது.

"கேஸ் போடுடி."

"திருடுன பொருளு திருடு போச்சுன்னு எந்த ஸ்டேஷன்ல போய்டி சொல்றது?"

சொன்ன பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்தவர் கேமை எடுத்துச் செய்ததற்கு இத்தனை நாள் அன்பு என்றுதான் பெயர் வைத்திருந்தாள். அதைவிட வெட்கமான விஷயம், கோபம் வர வேண்டிய இடத்தில் பெருமை வந்து உட்கார்ந்திருந்தது.

கேமை அழித்தாள். பிறகு நிறுவனத்துக்கு எழுதினாள்: "உங்களுடையதை எல்லாம் எடுத்துவிட்டேன். மரம் மட்டும் என்னுடையது. வைத்துக்கொள்ளுங்கள், வெட்ட வேண்டாம்."

பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து வந்த அப்டேட்டில் மரம் அங்கேயே நின்றது. 47 என்ற எண்ணை மட்டும் அழித்திருந்தார்கள்.

மெஹக் கொதித்தாள். அனிஷாவுக்கோ சிரிப்புத் தாங்கவில்லை. வக்கீல் வைத்திருப்பவர்களுக்கும் தன்னைப் போலவே திருடியது உள்ளுக்குள் உறுத்தியிருக்கிறது.