சிரிப்பு அப்படியே இருக்கட்டும்

"ஃப்ரீஸ்! யாரும் அசையாதீங்க!" என்று கத்தினார் டைரக்டர்.

பரிமாறுகிறவள் வேஷத்தில் பட்டாசு சிரித்தபடி நின்றாள். எதற்கும் படபடவென்று வெடிப்பவள் என்று அண்ணன் வைத்த பெயர் அது. கையில் சாய்த்த ஜக். அதிலிருந்து விழும் தண்ணீர் கெட்டிப் பிளாஸ்டிக். கைதவறிய தட்டு ஒன்று நைலான் நூலில் தொங்கியது. கதாநாயகி நுழைந்ததும் விருந்தே உறைந்துபோக வேண்டும். சுற்றிலும் கேமராக்களை நிறுத்தி ஒரே நொடியில் சொடுக்கி உறையவைப்பதெல்லாம் பெரிய படத்துக்கு. இந்த சீரியலில் ஆட்கள்தான் கல்லாக வேண்டும். ஒற்றைக் கேமரா நடுவே ஊர்ந்து வரும்.

எதிரே அண்ணன், விருந்தாளி வேஷத்தில். அவன் முதுகுதான் கேமராவுக்கு. சத்தமெல்லாம் பிறகு சேர்ப்பது. அதனால் அவன் பேசலாம்.

"உங்க அண்ணி கால் ஒடிஞ்சு கிடக்கா. உன் பொண்ணு வந்து வீட்டைப் பாத்துக்கட்டும். காலேஜ் எங்க ஓடிடப்போகுது? சாயந்திரம் வண்டி வரும். நீ சரின்னுட்டேன்னு உன் பொண்ணுகிட்டயே சொல்லிட்டேன்."

மகள் நர்சிங் சேர நாளைதான் கடைசி நாள். அவள் கன்னம் வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கட்! ஃபோகஸ் போச்சு. மறுபடி!"

வாயைத் திறந்தாள். உதவி டைரக்டர் ஓடிவந்தான். "அக்கா, சிரிப்பைக் கலைக்காதீங்க! அப்படியே இருக்கட்டும்!"

"இன்னைக்குத்தான் நீ பொறுமையா கேட்டிருக்க," என்றான் அண்ணன்.

"ஃப்ரீஸ்!"

கேமரா நெருங்கியது. லென்ஸ் கண்ணாடியில் அவள் சிரிப்பு அவளுக்கே தெரிந்தது.

"முடியாது," என்றாள்.

"யாரது?" என்றார் டைரக்டர்.

"நான்தான் சார். எங்கண்ணன்கிட்ட பேசினேன்."

"ஷாட்லயா?"

"வெளிய பேசினா நிக்கமாட்டாரு சார். இங்கதான் ஓட முடியாது. அண்ணே, என் பொண்ணு காலேஜ் போறா. அண்ணியைப் பாத்துக்க நீங்க இருக்கீங்கல்ல?"

விருந்தாளிகளில் யாரோ களுக்கென்றார்கள். அண்ணன் காது சிவந்தது. "உனக்கு இனிமே யாரு வேலை வாங்கித் தர்றான்னு பாக்கறேன்."

"நாளைக்கு நீங்க வரவேண்டாம்மா," என்றார் டைரக்டர். "இதை முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க. முதல்லேர்ந்து!"

"சார், ஒரே ஒரு போன்..."

"ஷாட் முடியட்டும்."

ஜக்கைச் சாய்த்தபடியே மேக்கப்காரியைக் கூப்பிட்டாள். "அக்கா, என் பையில போன் இருக்கு. பொண்ணுகிட்ட சொல்லுங்க, அம்மா சரின்னு சொல்லவே இல்லைன்னு. வண்டி வந்தா ஏற வேண்டாம்."

"ஃப்ரீஸ்! சிரிம்மா!"

சிரித்தாள். மேக்கப்காரி திரும்பி வந்து, சொல்லியாச்சு என்று தலையாட்டும்வரை அவள் இமைக்கவேயில்லை.