ராக்கம்மா கேட்ட வண்டி

அலுமாரியை நாலு பேர் சேர்ந்து தூக்கியதும் உள்ளே இருந்த குட்டி வேன்கள் எல்லாம் ஒரு பக்கமாக உருண்டு போய்க் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றன. தூக்குவதற்கு முன்னால் அவற்றை வெளியே எடுத்து வைக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வீரையாவுக்குத் தோன்றியது. வாயைத் திறந்து சொல்லத்தான் தெம்பில்லை. மலர்ச்சாலைக்காரர்கள் சவப்பெட்டியோடு வாசலில் நிற்கிறார்கள், முன்னறையில் இடமில்லை, நகர்த்து நகர்த்து என்று ஆளாளுக்குக் கத்துகிறார்கள். எதையாவது செய்துவிட்டுப் போகட்டும் என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். ஒரு கிழமையாகக் கெலிஓயா வீட்டுக்கும் கண்டி ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸில் அலைந்த கால்கள். உட்காரக் கதிரை கிடைத்தால் போதும் என்றிருந்தது.

அலுமாரி சமையலறைக்குப் போகும் நடையில், கண்ணாடி சுவரைப் பார்க்க நிறுத்தப்பட்டது. அது இருந்த இடத்துக்குப் பெட்டியில் அவர் மனைவி ராக்கம்மா வந்து சேர்ந்தாள்.

அந்த வேன்களின் கதை சின்னதுதான். ராக்கம்மா கண்டி ஏரிக்கு மேலே ஒரு கெஸ்ட் ஹவுசில் வருஷக்கணக்காக அறை துடைத்துப் படுக்கை விரிக்கிற வேலை பார்த்தவள். அங்கே வருஷம் தவறாமல் வந்து தங்கும் ஒரு பிரெஞ்சுக் கிழவி, பேரப்பிள்ளைக்குக் கொடு என்று ஒரு விளையாட்டு வேனைக் கையில் வைத்துவிட்டுப் போனாள். அந்தக் காலத்துப் பிரான்ஸ் வண்டியின் அச்சு அசல் வடிவம். உள்ளே கட்டில், அடுப்பு, மடக்கி வைக்கிற மேசை, ஜன்னலுக்குத் திரை. வீட்டையே ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிற வண்டியாம். பேரப்பிள்ளைக்கு அது போய்ச் சேரவே இல்லை. மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரே அறைக்குள் ஏழெட்டுப் பேர் முடங்கிப் படுத்து வளர்ந்தவளுக்கு, அத்தனை சின்ன இடத்துக்குள் அத்தனையும் அடக்கமாக இருந்தது பிடித்துப் போயிற்று. அடுத்த வருஷம் கிழவி இன்னொன்று கொண்டுவந்தாள். கிழவியின் வரவு நின்ற பிறகு மகள் இராஜகுமாரி போனில் தேடித் தேடி வரவழைத்துக் கொடுத்தாள். சித்ரோயன், ரெனோ, பேஜோ என்று அந்த வண்டிகளின் பெயர்களை ராக்கம்மா சொந்தக்காரர்களின் பெயரைச் சொல்வது போலச் சொல்வாள்.

வீரையாவுக்கு அது எரிச்சல். கண்டி குருநாகல் ரோட்டில் ஆயுசு முழுக்க இ.போ.ச. பஸ் ஓட்டியவர் அவர். நாள் பூராவும் வண்டியோடு மாரடித்துவிட்டு வருகிறேன், வீட்டிலும் வண்டியா என்று ஆரம்பத்திலேயே ஒரு சத்தம் போட்டார். அதோடு அவள் அவரிடம் வேன் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டாள். அவருக்கும் நிம்மதியாக இருந்தது. அலுமாரிப் பக்கம் திரும்பியும் பார்த்ததில்லை.

முந்தாநாள் சாயந்திரம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, அவளே அந்தப் பேச்சை எடுத்தாள். நாளைக்கு வரும்போது அந்தச் சாம்பல் கலர் வண்டியைக் கொண்டு வாங்க என்றாள். ஆஸ்பத்திரியில் பொம்மை எதுக்கு என்று அவர் கேட்டார். மறுநாள் காலையில் அவசர அவசரமாகக் கிளம்பும்போது அலுமாரியைத் திறந்தார். சாம்பல் கலரில் ஒன்று கையில் பட்டது. அதை எடுத்துக் குடையோடு சேர்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். மழை. பஸ்ஸில் உட்கார இடமில்லை. நனைந்து போய் அவள் கட்டிலண்டை நின்று பையிலிருந்து வண்டியை எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அவருடைய ஈரச் சட்டையைப் பார்த்தாள்.

“இதுதான்,” என்றாள். “நீங்க சாப்பிட்டீங்களா?”

மத்தியானத்துக்குப் பிறகு அவள் போய்விட்டாள். சாயந்திரம் பார்க்கப் போனவரிடம் வார்டு நர்ஸ் மிஸ் ஒரு பையைக் கொடுத்தாள். சேலை, கண்ணாடி, சீப்பு, அந்த வேன்.

இப்போது அந்த வேன் பெட்டிக்குள் இருந்தது. வைக்கச் சொன்னது ராக்கம்மாவின் தம்பி சின்னமுத்து. மடுல்கெல்லயிலிருந்து விடிவதற்குள் வந்து காரியம் அத்தனையையும் தலையில் போட்டுக்கொண்டவன் அவன்தான். வெற்றிலை, பாக்கு, கட்டிச் சலித்த சேலை எல்லாம் வைத்தாயிற்று, அக்கா ஆசையாக வைத்திருந்ததில் ஒன்று கூடப் போகட்டும் என்றான். நல்ல வேளை, எது என்று அவளே சொல்லிவிட்டாள் என்று வீரையா நினைத்தார். அந்த ஒன்றையாவது உருப்படியாகச் செய்தோம் என்று மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அந்த ஆறுதல் வாய்க்கரிசி போட்டு முடிகிற வரைக்கும்கூட நிற்கவில்லை. பக்கத்து வீட்டு ரபீகா பெட்டியருகே வந்தாள். துணி தைக்கிறவள். தையல் இல்லாத நேரமெல்லாம் ராக்கம்மாவோடு உட்கார்ந்து வேன்களைத் துடைத்து வைப்பதுதான் அவள் பொழுதுபோக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தவள் அந்த வேனைப் பார்த்தாள். முகம் சட்டென்று மாறிற்று. இராஜகுமாரியின் காதில் என்னவோ சொன்னாள். இராஜகுமாரி, வேண்டாம் என்பது போலத் தலையை அசைத்தாள். வீரையா பின்னால் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு கண்ணாடியிலேயே எல்லாவற்றையும் பார்த்துப் பழகிய மனுஷன். இது தப்புமா?

ரபீகாவை நடைக்குக் கூப்பிட்டார்.

“அவ கேட்டது இதுதானே?”

“அக்காவே இதுதான்னு செல்லிட்டாங்கன்னு குமாரி செல்லிச்சே அண்ணே.”

“நான் உன்னக் கேக்கிறேன்.”

ரபீகா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். “இது இல்லண்ணே. இது கதவு ஒடஞ்சது. அக்கா இதக் கையிலயே எடுக்க மாட்டாங்க. அவங்க எப்பவும் ஆசையா எடுக்கிறது வேற, அதத்தான் கேட்டிருப்பாங்க. அதுவும் சாம்பல் கலருதான்.”

வீரையா சுவரில் சாய்ந்து நின்றார். கோபம்தான் முதலில் வந்தது. அவள் வாயைத் திறந்து இது இல்லை என்று சொல்லியிருந்தால் என்ன? திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்திருப்பாரே. வந்திருப்பார். முணுமுணுத்துக்கொண்டே வந்திருப்பார். ஒரு பொம்மைக்காக இந்த மழையில் ரெண்டு பஸ்ஸா என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார். அவளுக்கு அது தெரியும். சாகிற நேரத்தில் அந்த முணுமுணுப்பைக் கேட்க அவளுக்கும் தெம்பு இருந்திருக்காது. கேட்ட ஒரே பொருளை, கிடைக்காமலே கிடைத்தது என்று சொல்லி அவரைச் சாப்பிட அனுப்பிவிட்டாள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

“எது அது, எடு,” என்றார்.

எடுப்பதென்றால் அலுமாரியைத் திருப்ப வேண்டும். வெளியே தப்பு மேளம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சின்னமுத்து வந்து, மழை இறங்கப் போகிறது, வெட்டிய குழியில் தண்ணீர் நின்றால் பிறகு பாடுதான், அதுதான் ஒன்று வைத்தாயிற்றே மச்சான் என்றான். அவன் சொல்வதில் தப்பில்லை. அவனும் களைத்துப்போயிருந்தான்.

“வேற வண்டி வச்சிட்டேன். மாத்தணும்,” என்றார் வீரையா.

சொல்லிவிட்டு அவரே அலுமாரியின் மூலையைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. சின்னமுத்து அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தான். பிறகு மறுபக்கத்தைப் பிடித்தான். கதவைத் திறந்ததும் வேன்கள் பொலபொலவென்று காலடியில் கொட்டின. ரபீகா மண்டியிட்டு அந்தக் குவியலைக் கையால் அளைந்தாள். மஞ்சள், நீலம், வெள்ளை. ஒரு சாம்பல், அது இல்லை. கடைசியில் அடியிலிருந்து ஒன்றை எடுத்து முக்காட்டு நுனியால் துடைத்துக் கொடுத்தாள். பக்கமெல்லாம் லயத்துக் கூரைத் தகரம் போல வரிவரியாக இருந்தது. பழைய சித்ரோயன் என்றாள். எங்கேயோ அமுக்கினாள், கூரை மேலே எழும்பிற்று.

“இதுல என்ன அப்படி?”

“இதுலதான் நிமிந்து நிக்கலாமாம்.” ரபீகா தயங்கினாள். “நீங்க ஓட்டுவீங்களாம் அண்ணே. அவங்க பின்னால நின்னு தேத்தண்ணி ஊத்துவாங்களாம். தொடைக்கிறப்ப எல்லாம் ஒவ்வொரு ஊர் செல்லுவாங்க. ஒரு நாளைக்கு நுவரெலியா, ஒரு நாளைக்குத் திருகோணமலை.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே.”

ரபீகா கீழே கொட்டிய வேன்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். அவர் பதிலுக்காகக் கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியாததா?

வண்டியை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார். தூக்குவதற்கு வந்தவர்கள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார்கள். இராஜகுமாரி கதவு உடைந்த வேனைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தாள். வீரையா குனிந்தார். வைத்துவிட்டு நகர வேண்டியதுதான். ஆனால் கை வண்டியை விடவில்லை. முகத்தருகே தூக்கி முன்கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். ஓட்டுகிறவனின் இருக்கையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். தப்புச் சத்தம் நின்று மறுபடி தொடங்கிற்று. யாரோ இருமினார்கள். அவரை அவசரப்படுத்த ஒருவரும் துணியவில்லை.

“இதுக்கு ஸ்டியரிங் இடது பக்கம்,” என்றார் மகளிடம். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, டிப்போவில் பேசுகிறவரைப் போல. “நம்ம ரோட்டுக்கு இது கஷ்டம். கலகெதர வளைவுல முன்னால ஒரு லொறி போனா, எதிர்ல வர்றது ஓட்டுறவனுக்குத் தெரியாது. பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து பாத்துப் பாத்துச் சொல்லணும்.”

“சரிப்பா,” என்றாள் இராஜகுமாரி.

“ஆள் இல்லாம ஓட்ட ஏலாது.”

வண்டியை ராக்கம்மாவின் கையருகே வைத்தார். சின்னமுத்து மூடியைக் கொண்டுவந்தான்.