விமானத்தில் வராத நித்திரை

நீண்ட விமானப் பயணத்தில் உறங்குவது எப்படி என்று தன் ஊரான கல்முனைக்கே உபதேசம் செய்துவிட்டுத்தான் றிபாஸ் ரொறொன்ரோவில் விமானம் ஏறினான். ஏறியதும் கடிகாரத்தை ஊர் நேரத்துக்குத் திருப்ப வேண்டும். கோப்பி கூடாது. கழுத்துக்கு லாட வடிவத் தலையணை வேண்டும். வந்திறங்கிய அன்று இரவு இஷா தொழும்வரை பாயைத் தொடவே கூடாது. எல்லாவற்றையும் தங்கை அம்ஹாவுக்குக் குரல்பதிவாக அனுப்பியிருந்தான். அவளும் இரண்டிரண்டு தரம் கேட்டாள். அண்ணன், அவள் வாயில் காக்கா, தெளிந்த கண்ணோடு வர வேண்டும் என்ற கவலை அவளுக்குத்தான் அதிகம்.

காரணம் இதுதான். பாலமுனையிலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை சியாம், நில அளவையாளர். வாப்பா மௌத்தாகி, தகப்பனில்லாத வீடாகி நாலு வருடம். "காக்கா ஒருக்காக் கதைச்சுப் பாத்துட்டு நல்லவர் எண்டு சொன்னாத்தான் நான் ஓம் எண்டு சொல்லுவன்" என்று அம்ஹா ஒரே பிடியாக நின்றாள். மாப்பிள்ளையின் மாமா பளீல் பொறுமைசாலி அல்ல. வெளிநாட்டால் வந்தவரை அன்றைக்கே போய்ப் பார்ப்பது ஊர் வழக்கம்தானே, பின்னேரம் அசறுத் தொழுகைக்குப் பிறகு வருகிறோம், பதிலும் இன்றைக்கே வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

காலையில் வாகனத்தால் இறங்கிய றிபாஸின் கண்கள் கொவ்வைப்பழமாகச் சிவந்திருந்தன. முதல் விமானத்தில் பின்னாலிருந்த குழந்தை உறங்க விடவில்லை. இரண்டாவதில் பக்கத்து இருக்கைக்காரருக்கு ஊர் அட்டாளைச்சேனை, கல்முனைக்குக் கிட்ட. நம் ஆட்கள் இருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நித்திரை எங்கே வரும்? யார் யாருக்கு என்ன முறை என்று அவிழ்த்து முடிக்கக் கட்டுநாயக்கா விமான நிலையம் வந்துவிட்டதாம்.

"இஷா வரைக்கும் என்னப் படுக்க விடாத புள்ள" என்றான்.

அம்ஹா விட்டாளா? கிணற்றடிக்கு அனுப்பினாள், பிளேன்டீ கொடுத்தாள், முற்றத்தில் நடக்க வைத்தாள். கெடுத்தது உம்மாவின் பாசம். மூன்று வருடம் காணாத மகனுக்கு சரீபா நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும் போட்டு, அதற்கு மேல் எருமைத் தயிரும் இனிப்புப் பாணியும் ஊற்றினாள். அதைத் தின்றுவிட்டு விழித்திருக்க எந்தக் கடிகாரத்தாலும் முடியாது.

பளீலும் சியாமும் வந்தார்கள். றிபாஸ் சலாம் சொல்லி, செற்றியில் சியாமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அம்ஹா அறைத் திரைக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"தம்பி இப்ப எங்க வேல..." என்று தொடங்கியவன் முடிக்கவில்லை. தலை சரிந்து சியாமின் தோளில் விழுந்தது. பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது. அடுத்த நிமிடம் குறட்டை.

அம்ஹாவுக்கு உயிரே போய்விட்டது. பளீலின் முகம் கறுத்தது. "இதென்ன, கதைக்கத்தானே நாங்க வந்த?"

உம்மா பதறிப்போய் எழுப்ப வந்தாள். சியாம் கையால் மறித்தான்.

"விடுங்க மாமி. ஒரு நாளுக்கு மேலாப் பயணம் செஞ்ச மனிசன். எனக்கு ஒரு அவசரமுமில்ல."

பளீல் சற்று நேரம் இருந்து பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். சியாம் அசையவில்லை. தேநீர் ஆறிப் பாலாடை படிந்தது. புதுச் சட்டையின் தோளில் காக்காவின் வாய்நீர் வட்டமாகப் பரவியது. கரண்ட் போய் மின்விசிறி நின்றதும், மறுகையால் பத்திரிகையை எடுத்து மெதுவாக விசிறினான். தனக்கல்ல, காக்காவுக்கு. ஒன்றரை மணித்தியாலம். திரைக்குப் பின்னால் நின்றவளுக்குக் கால் வலித்தது, ஆனாலும் அந்த இடத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. "தொழப் போகணும்" என்றான் சியாம், திரையைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி. "தலைக்கு வைக்க என்னவும் இரிக்கா?"

அம்ஹா காக்காவின் பயணப் பையிலிருந்து அந்த லாடத் தலையணையை எடுத்து நீட்டினாள். அவன் முட்டை இறக்குவதுபோல் தலையை அதன்மேல் இறக்கி வைத்தான். மரத்துப்போன கையை உதறிக்கொண்டே அவளைப் பார்த்துச் சிரித்தான். பிறகு போய்விட்டான்.

இஷாவுக்குத்தான் றிபாஸ் கண் விழித்தான். "அவங்க எப்ப வாறாங்க?"

"வந்து போயிட்டாங்க."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "யா அல்லாஹ். ஒண்டுமே கேக்கல்லயே நான். ஒனக்கு இப்ப என்னத்தச் சொல்லுவன்?"

"நீங்க அவர்ர தோள்லதான் கிடந்தீங்க, ஒண்டர மணித்தியாலம். நித்திர எப்பிடி?"

றிபாஸ் கழுத்தைத் தடவிக்கொண்டு யோசித்தான். "உண்மையச் சொன்னா, வாப்பா மௌத்தான பிறகு இப்பிடி நான் நித்திர கொண்டதில்ல புள்ள."

அம்ஹாவின் கண் நிறைந்தது. கைத்தொலைபேசியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"அப்ப பளீல் மாமாக்கு எடுத்து, ஓம் எண்டு சொல்லுங்க."