மூணு தடவ வரட்டும்

கமாலுதீனின் உடல் கிடந்த சந்தூக்கை ஆண்கள் தோளில் ஏற்றி வாசற்படியைத் தாண்டியதும், பெண்கள் உள்ளேயே நின்றுவிட்டார்கள். மட்டாஞ்சேரியில் விடிந்ததிலிருந்து மழை. மகள் நௌரின் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குடைகள் தெருமுனையில் திரும்பி மறையும்வரை பார்த்தாள்.

"கொஞ்சம் கஞ்சி குடி மோளே," என்றாள் அம்மா சுலைஹா.

"வேணாம்மா."

அம்மாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. எப்படி ஆச்சு என்று அம்மா கேட்டபோது, "திடீர்னு" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

நௌரினுக்கு இடக்கொச்சியில் ஓர் ஆலையின் ராட்சத மோட்டார்களைக் கண்காணிக்கும் வேலை. உள்ளே கம்பிச் சுருள்களின் இன்சுலேஷன் கெட ஆரம்பித்தால் கண்ணுக்குத் தெரியாத மின்பொறிகள் விழும். கருவி அவற்றை அளந்து, அளவு மீறினால் தானாகவே அலாரம் அடிக்கும். மழைக்காலத்தில் ஈரக்காற்று பட்டாலே அது கிடந்து அலறும். ஒன்றுமில்லாததற்கெல்லாம் மோட்டாரை நிறுத்திச் சலித்துப்போனவள், தொடர்ந்து மூன்று தடவை மீறினால்தான் அலாரம் என்று மாற்றிவைத்தாள். வீட்டில் பெருமையடித்தும் கொண்டாள். அத்தா கமாலுதீனுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. அம்மா கடைக்குப் போகச் சொன்னால், "மூணு தடவ சொல்லட்டும், அப்பப் போறேன்" என்பார்.

நேற்றுக் காலை அம்மா இடப்பள்ளியில் தன் தங்கை வீட்டில் இருந்தாள். அத்தா சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைத் தடவினார்.

"என்ன அத்தா?"

"ஒரு பிடிப்பு. மழையல்லே, ஈரம்."

"ஆஸ்பத்திரிக்குப் போவோமா?"

"ஒரு தடவதானே? மூணு தடவ வரட்டும் மோளே."

அவள் சிரித்தாள். இப்போது தாங்க முடியாதது அந்தச் சிரிப்புத்தான். சிரித்துவிட்டுக் குளிக்கப் போனாள். அதன்பிறகு எத்தனை தடவை வந்ததென்று சொல்ல அத்தா இல்லை.

போன் அடித்தது. ஆலையில் உடன் வேலை செய்யும் ஷமீல்; அவளை அக்கா முறையில் 'இத்தா' என்பான். பின்னால் மோட்டாரின் இரைச்சல்.

"இத்தா, இப்ப விளிக்கக் கூடாதுதான், க்ஷமிக்கணும். ரெண்டாம் மோட்டார்ல ஒரு தடவ அளவு மீறிச்சு. அலாரம் அடிக்கல. மழையாத்தான் இருக்கும். ஓடட்டுமா?"

"நிறுத்து."

"ஒரு தடவதான் இத்தா..."

"ஒரு தடவ போதும் ஷமீல். நிறுத்திட்டுப் பாரு. எங்க அத்தாவுக்கு நான் அதச் செய்யல."

சொன்ன பிறகுதான், கஞ்சிக் கிண்ணத்தோடு அம்மா பின்னால் நிற்பது தெரிந்தது. அம்மா கிண்ணத்தைச் சன்னலோரம் வைத்துவிட்டு, அவளை ஒட்டி வந்து நின்றாள்.

போனில் இரைச்சல் மெல்லத் தாழ்ந்தது. பெரிய மோட்டார் உடனே நிற்பதில்லை, சுற்றிச் சுற்றித்தான் ஓயும். அது முழுதாக அடங்கும்வரை நௌரின் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.